ஒலிப்பாடக் கோப்புகளுக்குப் பெயரும் உட்குறிப்பும் இடும் முறை

சைவபாடசாலை ஆசிரியர்களுக்கு

சைவநெறியைப் பாலர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இக்காலத்தில் மிக வேண்டியதாகிய ஒரு தொழிலைக் குறித்து இக்கட்டுரையின்கண் எழுதப் புகுந்தனம். அத்தொழில் பார்வைக்குச் சிறிது. செய்யாது விடின் வருங்கேடோ பெரிது. பதிவிறக்கிய ஒலிப்பாடங்களை ஒரே ஒழுங்காகப் பெயரிட்டு வைத்தலும், அவற்றினுள்ளே இன்னார் அருளியது, இன்னார் பாடியது, இன்ன பண் என்னும் குறிப்புகளைப் பிழையறப் பொறித்தலுமே அத்தொழிலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே தொற்றுநோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் தம் பாடங்களைக் குரலிற் பதிந்து கைபேசி வழியாக மாணாக்கர்க்கு அனுப்பினர். பாடசாலைகள் திறந்த பின்பும் அவ்வழக்கம் ஒழிந்திலது. தேவாரம், திருவாசகம், நீதிநூற் செய்யுட்கள், சைவநெறிப் பாட விளக்கங்கள் என நூற்றுக்கணக்கான கோப்புகள் இன்று ஒவ்வோர் ஆசிரியர் கைபேசியிலும் மெமரி கார்டிலும் நிரம்பிக் கிடக்கின்றன. கண்டி நகரத்திலே இணையத் தொடர்பு எளிதிற் கிடைத்தலால், ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய மலைத்தோட்டப் பாடசாலைகளிற் கற்பிப்போர் நகரில் இருக்கும்போதே பதிவிறக்கிக் கொண்டு போதல் வழக்கம். மலைச்சரிவிலே அலைவரிசை மெலிந்தவிடத்துக் கையில் உள்ள கோப்பே துணை. அக்கோப்பு எஃதென அறியப்படாவிடின், இருந்தும் இல்லாததேயாம்.

இதனை மலைநாட்டார்க்கு விரித்துரைத்தல் வேண்டா. தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து தேயிலை வெளிச்செல்லுங்கால், ஒவ்வொரு பொதியின்மீதும் தோட்டத்தின் குறியும், தேயிலையின் தரமும், வரிசை இலக்கமும், நிறையும் எழுதப்படுகின்றன. குறியில்லாத பொதியைக் கொழும்பு ஏலத்தில் எவரும் விலை கூறார். உள்ளிருப்பது உயர்ந்த இலையேயாயினும் அதனை அறிவிப்பார் இல்லையன்றோ? ஒலிக்கோப்பும் அத்தகையதே.

முன்னோர் காட்டிய நெறி

பெயரிட்டு அடைவுபடுத்தும் இத்தொழில் சைவர்க்குப் புதியதன்று. தில்லையிலே திருக்காப்பிட்ட அறையில் ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன என்பதும், எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி திருமுறைகளாக வகுத்தனர் என்பதும் திருமுறைகண்ட வரலாற்றால் யாம் அறிவன. ஏடுகளைக் கண்டெடுத்ததனோடு அப்பெரியார் அமைந்திலர். இது முதலாந் திருமுறை, இது நான்காந் திருமுறை என இடம் வகுத்தமையாலன்றோ இற்றைநாள் ஒரு பதிகத்தை எண்சொல்லி எடுக்கின்றோம்!

இன்னுமொன்று கருதத்தக்கது. தேவாரப் பதிகங்களைப் பண்முறை என்றும் தலமுறை என்றும் இருவகையாக அடைவு செய்தல் மரபு. பண்முறை ஓதுவார்க்கு உதவுவது; தலமுறை தலயாத்திரை செய்வார்க்கு உதவுவது. பதிகம் ஒன்றே, அதனை அடையும் வழி இரண்டு. ஏட்டிலும் அச்சுப் புத்தகத்திலும் ஒரு முறையையே பின்பற்ற இயலும். மற்றைமுறை வேண்டின் வேறொரு பதிப்பு வேண்டும். ஒலிக்கோப்பிலோ இரண்டும் ஒருங்கே கூடும். அஃதெங்ஙனமெனின், கோப்பின் பெயர் அதற்கு நிலையான ஓர் இருக்கையைத் தரும். உட்குறிப்புகள் பண்ணாலும், தலத்தாலும், அருளியவராலும், பாடியவராலும் அதனை வேண்டியவாறு வரிசைப்படுத்திக் காட்டும். பெயர், உட்குறிப்பு ஆகிய இரண்டும் வேண்டப்படுதற்குக் காரணம் இதுவே.

யாம் மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்திலே, அங்குள்ள நூனிலையத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் இலக்கமொன்று ஒட்டப்பட்டிருக்கும். அந்நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் பொருளும் வெவ்வேறு அட்டைகளில் எழுதப்பட்டிருக்கும். இலக்கம் இருக்குமிடத்தைச் சொல்லும். அட்டை தேடும் வழியைச் சொல்லும். ஒழுங்கு எவரிடத்திருப்பினும் கொள்ளத்தக்கது. ஆறுமுக நாவலரவர்களும் உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, கற்பித்து, அங்குக் கண்ட பாடசாலை ஒழுங்கைத் தாம் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்குப் பயன்படுத்தினாரன்றோ?

பெயரின்மையால் வருங் கேடுகள்

முதலாவது, காலக்கேடு. கோப்புகளை ஒவ்வொன்றாக ஒலிப்பித்துத் தேடும் ஆசிரியர் பாடவேளையிற் பெரும்பகுதியை அதன்கண்ணே போக்குவர். மாணாக்கரின் கருத்தும் சிதறும்.

இரண்டாவது, பொருட்கேடு. இணையத்திற் கிடைக்கும் கோப்புகள் சிலவற்றில் அருளியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்திற் பாடியவர் பெயரும், பாடியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நாயனார் பெயரும் உள்ளன. சுந்தரர் தேவாரத்தைச் சம்பந்தர் தேவாரமெனக் கைபேசி காட்டுமாயின், அதனை நம்பிய பிள்ளை பரீட்சையிலும் அவ்வாறே எழுதும். பண்ணைப் பிழைபடக் குறித்தவிடத்துப் பண்ணிசைப் போட்டிக்குச் செல்லும் பிள்ளை ஒரு பண்ணின் பெயரைச் சொல்லி வேறொரு பண்ணைப் பாடும்.

மூன்றாவது, தொடர்பறுதல். ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்லுங்கால் தம் தொகுப்பைப் பின்வருவார்க்கு விட்டுச் செல்லினும், அதிலே தேதியும் இலக்கமும் மாத்திரம் கொண்ட இருநூறு கோப்புகள் கிடப்பின், பின்வந்தவர் அதனைத் தொடாது மீளவும் முதலிலிருந்து தொடங்குவர். தோட்டப் பாடசாலைகளிலே ஆசிரியர் மாறுதல் அடிக்கடி நிகழ்வதாகலின் இக்கேடு அங்கே மிகுதி.

நான்காவது, மீட்கலாகாத கேடு. தோட்டத்துக் கோயிலிலே நெடுங்காலம் திருமுறை ஓதிவந்த முதியவர் ஒருவரின் குரலை ஆசிரியரொருவர் பதிந்து வைத்தனர் எனக் கொள்வோம். பெயரும் ஊரும் நாளும் குறியாதுவிடின், அம்முதியவரும் மறைந்து, பதிந்தவரும் மாற்றலாகிப் போயின பின்னர், அக்குரல் எவருடையதென்று சொல்வார் யார்? இணையத்துப் பாட்டுப் போயின் மறுபடியும் பதிவிறக்கலாம். இக்குரல் போயின் போயிற்றே. ஆதலால், தாமே பதிந்தவற்றுக்கு அன்றே, அவ்விடத்தே பெயரிடுதல் கடனாம்.

"கைபேசியில் தேடினால் வருமே, பெயரிடல் எற்றுக்கு?" என்பாரும் உளர். தேடுங் கருவி எழுதப்பட்ட பெயரையே தேடும். எழுதப்படாததை அஃது அறியாது. "நேரமில்லை" என்பார்க்குக் கணக்குச் சொல்லுவாம். ஒரு கோப்பைத் திருத்த இரண்டு நிமிடம் செல்லுமாயின், நூறு கோப்புகளுக்கு 3 மணியும் 20 நிமிடமும் ஆகும். ஒரு சனிக்கிழமை முற்பகல் போதும். அதன்பின் ஆண்டு முழுதும் தேடும் வேளை மிச்சமாம்.

கோப்பின் பெயருக்குரிய விதிகள்

முதல் விதி: பெயரின் முன்னே இலக்கம் நிற்க. தேவாரத்திற்குத் திருமுறை எண், பதிக எண், பாட்டெண் என்னும் மூன்றும் இம்முறையே வருக. முழுப்பதிகமாயின் பாட்டெண் 00 எனக் கொள்க. பின்னர்த் தலத்தின் பெயர், அருளியவர், பாடியவர் என்பன முறையே வருக. உதாரணமாக,

01-001-00 சீகாழி பிரமபுரம் சம்பந்தர் - பாடியவர் பெயர்
03-123-00 திருக்கோணமலை சம்பந்தர் - பாடியவர் பெயர்
07-080-00 திருக்கேதீச்சரம் சுந்தரர் - பாடியவர் பெயர்

எனவரும். ஒரே பதிகத்தை இருவர் பாடிய பதிவுகள் கிடைக்கலாமாதலின் பாடியவர் பெயர் இன்றியமையாதது.

இரண்டாம் விதி: இலக்கங்களின் தானங்களை ஒத்த அளவாக்குக. 1, 2, 10 என எழுதின், கருவிகள் பல 1, 10, 2 என வரிசைப்படுத்தும். முதலெழுத்தையே முன்னர் நோக்குதலின் என்க. திருமுறை பன்னிரண்டாதலின் இரண்டு தானம் வேண்டும். முதலாந் திருமுறையில் 136 பதிகங்களும், இரண்டாவதில் 122 பதிகங்களும், நான்காவதில் 113 பதிகங்களும் உள்ளனவாதலின் பதிகத்திற்கு மூன்று தானம் வேண்டும். பத்தாந் திருமுறைக்கும் பன்னிரண்டாந் திருமுறைக்கும் பதிக எண் இன்மையாலும் செய்யுட்டொகை ஆயிரங்களிற் செல்லுதலாலும் செய்யுளெண்ணை நான்கு தானமாகக் கொள்க.

மூன்றாம் விதி: ஒரு பதிப்பையே பின்பற்றுக. மூன்றாந் திருமுறையின் இறுதியிலே, கல்வெட்டிலிருந்து பிற்காலத்தில் வெளிப்பட்ட திருவிடைவாய்ப் பதிகம் போல்வனவற்றைப் பதிப்புகள் வெவ்வேறு வகையாகச் சேர்த்திருக்கின்றன. எப்பதிப்பின் எண் என்பதைத் தொகுப்பின் முதலில் எழுதி வைக்க.

நான்காம் விதி: பாடசாலைப் பாடங்களாயின் தரம், அலகு, பாடம் என்னும் முறையில் இலக்கமிடுக. தரம் 6இன் மூன்றாம் அலகில் இரண்டாம் பாடம் 06-03-02 என வரும். இவை திருமுறை இலக்கங்களோடு மயங்காமைப் பொருட்டு, 'திருமுறை' எனவும் 'சைவநெறிப் பாடம்' எனவும் கோப்புறைகளை வேறுபிரித்து வைக்க. தாமே பதிந்தவற்றை மூன்றாவதோர் உறையில் வைத்து, முன்னே நாளை ஆண்டு, மாதம், தேதி என்னும் முறையில் 2024-03-07 என எழுதுக. ஆண்டு முன்னிற்றலால் வரிசை தானே காலமுறையாகும்.

ஐந்தாம் விதி: சாய்கோடு, முக்காற்புள்ளி, வினாக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோட்குறி என்பவற்றைப் பெயரில் இடற்க. விண்டோஸ் கணினி இவற்றை ஏலாது. தேதியைச் சாய்கோட்டால் எழுதும் நம் வழக்கம் இங்கே பயன்படாமை காண்க.

ஆறாம் விதி: பெயர் நீளற்க. ஆண்ட்ராய்டு கைபேசியின் உள்நினைவகத்தில் ஒரு கோப்பின் பெயர் பெரும்பாலும் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. யூனிகோடு யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க்குறி 3 பைட்டாகும். உயிர்மெய்யோ மெய்யும் உயிர்க்குறியுமாக இருகுறியாய்ப் பெரும்பாலும் 6 பைட்டாகும். எனவே, 85 குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்ப்பெயர் அடங்காது. நாயன்மாரின் பெயரை மரியாதைச் சொற்களோடு நிரம்ப எழுதுதல் உட்குறிப்பிலே ஆகுக. கோப்பின் பெயரிலே சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் என்பன அமையும். இஃது அவமரியாதையன்று, இடத்திற்கேற்ற சுருக்கமே.

ஒரு பொருளுக்கு ஒரு பெயர்

பேராதனையிலே 1821இல் தொடங்கப்பட்ட தாவரப் பூங்காவிற்கு மாணாக்கரை அழைத்துச் செல்லாத கண்டி ஆசிரியர் அரியர். அங்கே மரங்களின் அருகே நாட்டப்பட்ட பலகைகளை நோக்குமின். ஒரு மரத்திற்குத் தமிழர் ஒரு பெயரும் சிங்களர் ஒரு பெயரும் ஆங்கிலர் ஒரு பெயரும் வழங்குவர். பலகையிலோ எந்நாட்டாரும் ஒப்பிய தாவரநூற் பெயர் ஒன்று நிலையாக இருக்கும். பல பெயரையும் மறுத்தற்கன்று அப்பெயர். பல பெயரும் ஒன்றினையே சுட்டும் என அறிதற்கே.

நம் தொகுப்புக்கும் அத்தகைய நிலைப்பெயர் வேண்டும். சீகாழிக்குப் பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் எனப் பன்னிரு பெயருள. பதிகந்தோறும் வந்த பெயரை மாத்திரம் எழுதின், ஒரு தலம் பன்னிரண்டு தலமாய்ச் சிதறும். தில்லைப் பதிகங்களுக்குத் திருமுறையிலே 'கோயில்' என்றே தலைப்புளது. அதனை அவ்வாறே எழுதின், எக்கோயில் எனப் பிள்ளை மயங்கும். ஆகலின், வழக்கிலுள்ள தலப்பெயரை முன்னும் பதிகப்பெயரைப் பின்னும் எழுதி, 'சீகாழி பிரமபுரம்', 'சிதம்பரம் கோயில்' என்றாற்போலக் கொள்க.

நாயன்மார் பெயருக்கும் இஃதொக்கும். அப்பர், திருநாவுக்கரசர், வாகீசர் என மூன்று கோப்புகளில் மூன்றுவகையாக எழுதின், கைபேசி அவர்களை மூவராகவே எண்ணி மூன்று இடத்தில் வைக்கும். எழுத்திலும் புள்ளியிலும் இடைவெளியிலும் சிறிது வேறுபடினும் அவ்வாறேயாம். ஒரு தாளிலே ஏற்றுக்கொண்ட பெயர்களின் பட்டியலை எழுதி, அதனைப் பார்த்தே பொறித்தல் நன்று.

உட்குறிப்பு இடும் முறை

எம்.பி.3 கோப்பினுள்ளே ஒலியேயன்றி எழுத்துக்குறிப்பும் வைத்தற்கு இடமுண்டு. அவ்விடத்திற்கு ஐ.டி.3 என்பது பெயர். 1996இல் தோன்றிய முதல் வகை கோப்பின் இறுதியில் 128 பைட்டு அளவினது. அதிலே தலைப்புக்கு 30 பைட்டே உண்டு. இன்ன எழுத்துமுறையில் எழுதப்பட்டது எனக் கூறற்கும் அதில் இடமில்லை. 'திருஞானசம்பந்தர்' என்னும் பெயர் யூ.டி.எஃப்-8 முறையில் 48 பைட்டாகும்; ஆதலின் அவ்வகை தமிழுக்கு உதவாது. 1998இல் வந்த இரண்டாம் வகை கோப்பின் முற்பகுதியில் அமைவது, அளவிற் பெரியது, யூனிகோடையும் ஏற்பது. அதன் 2.3 என்னும் பிரிவைப் பழைய கருவிகளும் பெரும்பாலும் அறிதலால், அதனையே யூ.டி.எஃப்-16 எழுத்துமுறையோடு கொள்ளுதல் சேமமாம். விண்டோஸ் கணினியில் எம்.பி.3டேக் என்னும் செயலியும், கிட்3, மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்பனவும் இதற்கு விலையின்றிக் கிடைக்கின்றன. கோப்பின் பெயரிலிருந்து உட்குறிப்பையும், உட்குறிப்பிலிருந்து கோப்பின் பெயரையும் எம்.பி.3டேக் ஒருங்கே ஆக்கித் தருமாதலால், ஒன்றை ஒழுங்காக எழுதின் மற்றையதைப் பெரும்பாலும் எளிதிற் பெறலாம்.

நிரப்பவேண்டிய இடங்கள் வருமாறு:

தலைப்பு: தலப்பெயரும் பதிகப்பெயரும்.
பாடியவர்: பதிவிலே குரல் கொடுத்தவர். தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்கள் பாடியதாயின் அவர் பெயரே இங்கு வருவது. நாயனார் பெயர் இங்கு வரலாகாது.
இயற்றியவர்: அருளிய நாயனார்.
தொகுதி: 'மூன்றாந் திருமுறை' என்றாற்போல.
தொகுதி இலக்கம்: திருமுறை எண்.
வரிசை இலக்கம்: பதிக எண்.
வகை: பண். இவ்விடத்தில் விரும்பிய சொல்லை எழுதலாம்.
ஆண்டு: ஒலி பதிந்த ஆண்டு, நான்கு தானத்தில். நாயனார் காலத்தை இங்கே எழுதற்க.
குறிப்பு: எங்கிருந்து பெறப்பட்டது, எந்நாள் பெறப்பட்டது என்பன.

பண்ணைக் குறிக்குமிடத்து ஒன்று நினைவிலிருத்துக. புறநீர்மையைப் பூபாளமாகவும் நட்டபாடையைக் கம்பீரநாட்டையாகவும் பாடுதல் ஓதுவார் வழக்கு. மேடையிற் பாடுவோர் வேறு இராகத்திலும் பாடுவர். வகை என்னுமிடத்தில் திருமுறை கூறும் பண்ணையும், குறிப்பு என்னுமிடத்திற் பாடிய இராகத்தையும் எழுதின் இரண்டும் மயங்கா.

இவ்வாறு செய்ததன் பயனை ஒரு தலத்தின்மேல் வைத்துக் காண்போம். ஈழநாட்டுப் பாடல்பெற்ற தலம் இரண்டு. அவற்றுள் திருக்கேதீச்சரத்திற்குச் சம்பந்தர் பதிகம் இரண்டாந் திருமுறையில் 107ஆவது, பண் நட்டராகம். சுந்தரர் பதிகம் ஏழாந் திருமுறையில் 80ஆவது, பண் நட்டபாடை. கோப்பின் வரிசையில் இவை மிகத் தூரத்தில் நிற்கும். தலைப்பால் வரிசைப்படுத்தினவுடன் அடுத்தடுத்து வரும். வகையால் வரிசைப்படுத்தினவுடன், சுந்தரர் பதிகம் முதலாந் திருமுறையின் முதற் பதிகத்தோடு ஒருங்கு நிற்கும், அதுவும் நட்டபாடையாகலின். பண்முறையும் தலமுறையும் ஒரு கையகலக் கருவியில் இவ்வாறு கூடுகின்றன.

எழுத்துப் பற்றிய எச்சரிக்கை

இலங்கையிலே நெடுங்காலம் பாமினி முதலிய எழுத்துருக்கள் வழங்கின. அவற்றாற் பொறித்த குறிப்பு அவ்வெழுத்துரு இல்லாத கருவியிலே பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றும். அத்தகைய பழைய குறிப்புகளை யூனிகோடில் மீளப் பொறிக்க.

'ஔவையார்' என்பதை 'ஒ' என்னும் எழுத்தையும் 'ள' என்னும் எழுத்தையும் சேர்த்துப் பொறிப்பார் பலர். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும் கருவிக்கு வேறு. சரியாகத் தேடுவார்க்கு அகப்படாது. 'கொல்லி' என்னும் பண்ணின் பெயரிலுள்ள ஒகரக்குறியையும் ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாகிய இருகுறியாகவும் பொறித்தல் கூடும். ஆதலின் ஒரே விசைப்பலகையையே பயன்படுத்துக.

மேலும், யூனிகோடின் உள்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. அதிலே னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும் வரும். புள்ளிபெற்ற மெய்யோ உயிர்மெய்களுக்குப் பின்னே வரும். சில கருவிகள் இவ்வுள்வரிசையையே பின்பற்றுதலால், எழுத்தை நம்பி அடைவு செய்தல் பிழைபடும். கோப்பின் முன்னே இலக்கம் நிற்க என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பகிர்தலும் ஒலிபெருக்கலும்

வாட்ஸ்அப் வழியாக ஒலிக்கோப்பை ஒலியாகவே அனுப்பின், பெறுவார் கைபேசியில் அது தேதியும் வரிசை இலக்கமும் கொண்ட வேறு பெயரைப் பெறுதல் உண்டு. ஆசிரியர் இட்ட பெயர் அவ்விடத்தே அழியும். அதனையே 'ஆவணம்' என்னும் வழியால் அனுப்பின் பெயர் மாறாது செல்லும். பலருக்கு அனுப்புவோர் இவ்வொன்றைக் கடைப்பிடித்தாலே பாதிக்குழப்பம் தீரும். குரற்செய்தியாக வந்தவை ஓபஸ் என்னும் வேறுவகைக் கோப்புகள். அவற்றின் மூலத்தை அவ்வாறே காத்து, எம்.பி.3 படியொன்று எடுத்து அதற்குக் குறிப்பிடுக.

கோயில்களிலே பென் டிரைவைச் செருகி ஒலிபெருக்கும் சிறு கருவிகள் தமிழைக் காட்டமாட்டா. சில இலக்கத்தை மாத்திரம் காட்டும். இன்னுஞ் சில பெயர்வரிசையையும் நோக்காது, கோப்புகள் எழுதப்பட்ட வரிசையிலேயே ஒலிக்கும். அத்தகையவற்றுக்கு வெறுமையான பென் டிரைவிலே கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிற் படியெடுத்தல் தகும்.

திருமுறை பழமையானதாயினும் அதனைப் பாடிய ஒலிப்பதிவு பாடியவர்க்கும் வெளியிட்டவர்க்கும் உரிமையுடையதாகலாம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதனைப் பற்றியது. எங்கிருந்து பெற்றோம் என்பதைக் குறிப்பில் எழுதுதல் நன்றியும் நேர்மையுமாம்.

பதிவேடும் காப்பும்

எல்லாவற்றையும் கருவியை நம்பி விடற்க. ஒரு கொப்பியிலே இலக்கம், தலம், அருளியவர், பாடியவர், பண், பெற்ற இடம் என்னும் ஆறு நிரல்கள் கீறி, கோப்புக்கு ஒரு வரியாக எழுதுக. மெமரி கார்டு பழுதுபடினும், எவை இருந்தன என்பதை அக்கொப்பி சொல்லும். கோப்புகளின் படிகள் இரண்டேனும் வெவ்வேறிடத்தில் இருத்தல் வேண்டும்: ஒன்று ஆசிரியரிடம், ஒன்று பாடசாலையில். இடமாற்றம் பெறுவார் கொப்பியையும் பாடசாலைப் படியையும் பின்வருவார் கையில் ஒப்புவித்துச் செல்க.

மேல்வகுப்பு மாணாக்கரை இதிற் பயிற்றுதலும் நன்று. வாரத்துக்குப் பத்துக் கோப்புகள் கொடுத்து, பதிகத்தை நூலோடு ஒப்பிட்டுக் கேட்டு, குறிப்பை எழுதுவித்து, பிறனொருவனைக் கொண்டு சரிபார்ப்பிக்க. ஒரு பதிகத்தின் தலமும் பண்ணும் அருளியவரும் இவையெனத் தானே தேடி எழுதிய பிள்ளைக்கு அவற்றை மனப்பாடம் பண்ணுமாறு வற்புறுத்தல் வேண்டாவாம்.

ஏடுகளைச் செல் அரித்தது. நம் கோப்புகளைச் செல் அரியாது, பெயரின்மையே அரிக்கும். வைத்ததனை வேண்டும்போது எடுக்கவும், எடுத்ததனைப் பிழையின்றிக் கற்பிக்கவும், கற்பித்ததனைப் பின்வருவார்க்கு ஒப்புவிக்கவும் வல்லராதல் ஆசிரியர்க்கு அழகாம்.

தேர்வு வினாக்கள்

1. கோப்பின் பெயருக்கும் உட்குறிப்புக்கும் வேறுபாடு யாது? பண்முறை, தலமுறைகளை உதாரணமாகக் கொண்டு விளக்குக.
2. பதிக எண்ணுக்கு மூன்று தானம் வேண்டப்படுவது ஏன்?
3. திருக்கோணமலைப் பதிகத்தின் கோப்புப்பெயரை எழுதி, ஒன்பது உட்குறிப்புகளையும் நிரப்புக.
4. 'கோயில்' எனத் தலைப்பிட்ட கோப்பொன்று கிடைப்பின் யாது செய்வீர்?
5. பாடியவர் என்னுமிடத்தில் நாயனார் பெயர் இருப்பின் வருங் குற்றம் யாது?
6. நும் கைபேசியிலுள்ள கோப்புகளிற் பத்தினை எடுத்து, இவ்விதிகளின்படி திருத்திப் பதிவேட்டில் எழுதுக.

திருச்சிற்றம்பலம்.